டீச்சருக்கு டி.பி.

மெடிக்கல் லீவு முடிந்து ஆபீசுக்குத் திரும்பும் முதல் நாள் இருக்கிறதே, அது ஒரு தனி அவஸ்தை. சட்டைப் பையில் டாக்டர் கொடுத்த ஃபிட்னஸ் சர்டிபிகேட் இருக்கும். 'பூரண குணமடைந்துவிட்டார், பணியில் சேரலாம்' என்று ரப்பர் ஸ்டாம்ப் சகிதம் அதில் எழுதியிருக்கும். ஆனால், பக்கத்து சீட்காரர் நாற்காலியை அரையடி நகர்த்திப் போட்டுக்கொள்வார். கேன்டீனில் உங்கள் டம்ளர் மட்டும் தனியாகப் போய் உட்கார்ந்துகொள்ளும். மேனேஜர் கூப்பிட்டு, 'இன்னும் ஒரு மாசம் வேணா ரெஸ்ட் எடுத்துக்கோங்களேன் சார், என்ன அவசரம்?' என்பார். குரலில் அக்கறை இருக்கும். கண்ணைப் பார்த்தால் பயம் தெரியும்.

2020, 2021 கொரோனா காலத்தில் நம்மில் பாதிப்பேர் இதை ருசித்தோம். மீதிப்பேர் அந்த நாற்காலியை நகர்த்தினோம்.

நோயிலிருந்து எழுந்து வந்த ஒருவர் மறுபடி வேலையில் உட்காரலாமா, கூடாதா? இதை யார் முடிவு செய்வது? பார்த்தால் சின்னக் கேள்வி. அமெரிக்காவில் இதற்கு ஒழுங்கான பதில் வாங்க ஓர் ஆரம்பப் பள்ளி டீச்சர் சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போகவேண்டியிருந்தது. எட்டு வருஷம் ஆனது.

அந்த டீச்சரின் பெயர் ஜீன் ஆர்லைன். ஊர், ஃப்ளோரிடா மாநிலத்தின் வடகிழக்கு மூலையில் இருக்கும் நாஸா கவுண்டி. (ராக்கெட் விடுகிற நாசாவோடு குழப்பிக்கொள்ளாதீர்கள். அவர்களும் அதே மாநிலத்திலிருந்துதான் விடுகிறார்கள் என்றாலும், இது வேறு.) கவுண்டி என்றால் நம் ஊர் மாவட்டம் மாதிரி என்று வைத்துக்கொள்ளலாம். அங்கே 1966-லிருந்து சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

ஆர்லைனுக்கு ஒரு பழைய கதை உண்டு. 1957-ல் காசநோய் வந்து ஆஸ்பத்திரியில் படுத்திருக்கிறார். சரியாகிவிட்டது. அதற்குப் பிறகு 20 வருஷம் ஒரு தொந்தரவும் இல்லை. மறந்தே போயிருப்பார். 1977-ல் சளியைப் பரிசோதித்தபோது கிருமி மறுபடி தலைகாட்டியது. 1978 மார்ச்சில் இன்னொரு முறை. அதே வருஷம் நவம்பரில் மூன்றாவது முறை.

மார்ச்சில் வந்தபோது பள்ளி நிர்வாகம் கல்வியாண்டு முடியும்வரை சம்பளத்தோடு சஸ்பெண்ட் செய்தது. நவம்பரிலும் அதேதான். இதுவரைக்கும் குறை சொல்ல ஒன்றுமில்லை. நோய் தீவிரமாக இருக்கும்போது வகுப்பில் குழந்தைகளுக்கு நடுவே நிற்கவேண்டாம் என்பது நியாயம்தான். சம்பளமும் வருகிறது.

1978-79 கல்வியாண்டு முடிந்தது. கூப்பிட்டு ஒரு விசாரணை வைத்தார்கள். முடிவில், வேலையை விட்டே தூக்கிவிட்டார்கள். அவர் மீது ஒரு தப்பும் இல்லை என்பதை நிர்வாகத்தின் பெரிய அதிகாரியே ஒப்புக்கொண்டார். பிறகு ஏன்? காசநோய் திரும்பத் திரும்ப வருகிறதாம். அதுதான் காரணம். 13 வருஷ சர்வீஸ், போயே போச்சு.

ஆர்லைன் முதலில் மாநில அரசின் அமைப்புகளிடம் முறையிட்டார். ம்ஹூம். கதவைச் சாத்திவிட்டார்கள். அதன்பிறகுதான் ஃபெடரல் கோர்ட்டுக்குப் போனார். கையில் இருந்த ஆயுதம், ஒரு சட்டத்தில் இருந்த ஒரே ஒரு வாக்கியம்.

அந்த வாக்கியத்தின் கதையைச் சொல்லாமல் மேலே போகமுடியாது. 1973-ல் அதிபர் நிக்ஸன் மறுவாழ்வுச் சட்டம் ஒன்றில் கையெழுத்துப் போட்டார். ஆசைப்பட்டுப் போட்டதல்ல, அதற்கு முன்னால் அதே மசோதாவை இரண்டு தடவை திருப்பி அனுப்பியிருந்தார். அந்தச் சட்டத்தின் கடைசியில் 504-ம் பிரிவு. மத்திய அரசின் பணத்தை வாங்கும் எந்த அமைப்பும், மற்றபடி தகுதியுள்ள ஒருவரை, அவருடைய உடற்குறையை மட்டும் காரணம் காட்டி ஒதுக்கக்கூடாது. அவ்வளவுதான் சாரம். எழுதியவர்கள்கூட அது இவ்வளவு தூரம் பாயும் என்று நினைத்திருக்கமாட்டார்கள்.

சட்டம் வந்தாலும் அதற்கான விதிமுறைகள் வரவேண்டுமே? வரவில்லை. நிக்ஸன் போனார், ஃபோர்டு வந்தார், போனார், கார்ட்டர் வந்தார். ஃபைல் மட்டும் மேஜையை விட்டு நகரவில்லை. 1977 ஏப்ரலில் மாற்றுத்திறனாளிகள் பொறுமை இழந்தார்கள். சான்ஃபிரான்ஸிஸ்கோவில் இருந்த அரசுக் கட்டடத்துக்குள் நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் புகுந்து உட்கார்ந்துவிட்டார்கள். சக்கர நாற்காலியில் வந்தவர்கள், பார்வையில்லாதவர்கள், காது கேளாதவர்கள். மூன்றரை வாரம்! டெலிபோன் லைனைத் துண்டித்தார்கள். காது கேளாதவர்கள் ஜன்னலில் நின்று சைகை பாஷையில் வெளியே இருந்தவர்களுக்குச் சேதி சொன்னார்கள். சாப்பாடு கொண்டுவந்து கொடுத்தது யார் தெரியுமா? போலீஸ் பெயரைக் கேட்டாலே முறைக்கும் கறுப்புச் சிறுத்தைகள் கட்சிக்காரர்கள்.

அந்தப் போராட்டத்தை முன்னின்று நடத்தியவர்களில் ஒருவர் ஜூடித் ஹியூமன். போலியோ பாதித்தவர். அவரும் டீச்சர்தான். 1970-ல் நியூயார்க்கில் அவருக்கு ஆசிரியர் உரிமம் தரமாட்டேன் என்றார்கள். சக்கர நாற்காலியில் இருக்கிறீர்கள், பள்ளியில் தீப்பிடித்தால் என்ன ஆவது என்று கேட்டார்கள். வழக்குப் போட்டு வாங்கினார். பயத்தைக் காரணமாக்கி வேலையை மறுப்பது எப்படி இருக்கும் என்று அவருக்கு யாரும் வகுப்பெடுக்கத் தேவையில்லை.

1977 ஏப்ரல் 28-ம் தேதி அமைச்சர் ஜோசப் கலிஃபானோ விதிமுறைகளில் கையெழுத்துப் போட்டார். அதே 1977-ல்தான் ஃப்ளோரிடாவில் ஆர்லைனுக்குக் கிருமி திரும்பி வந்தது. இரண்டுக்கும் சம்பந்தமில்லை. ஆனால் அந்த மூன்றரை வாரம் நடந்திருக்காவிட்டால் ஆர்லைன் கையில் இருந்தது வெறும் காகிதம்.

சரி, கோர்ட்டுக்கு வருவோம். ஆர்லைன் கட்சி சொன்னது எளிமையானது. 1974-ல் 504-ம் பிரிவைத் திருத்தியபோது யாரெல்லாம் இதன் கீழ் வருவார்கள் என்று காங்கிரஸ் விளக்கியிருந்தது. இப்போது குறை உள்ளவர். முன்பு குறை இருந்ததாகப் பதிவு உள்ளவர். குறையே இல்லாவிட்டாலும் இருப்பதாக மற்றவர்களால் கருதப்படுபவர். மூவருமே வருவார்கள். இரண்டாவதையும் மூன்றாவதையும் இன்னொரு தரம் படித்துப் பாருங்கள். லீவு முடிந்து திரும்பும் ஆள் இந்த இரண்டில் ஒன்றில் நிச்சயம் விழுவார். ஆர்லைன் 1957-ல் ஆஸ்பத்திரியில் இருந்ததே ஒரு பதிவுதான்.

முதல் நீதிபதி ஏற்கவில்லை. தொற்றுநோயை எல்லாம் உடற்குறை என்று காங்கிரஸ் நினைத்திருக்காது என்று தள்ளிவிட்டார். 1985-ல் அப்பீல் கோர்ட் அதைப் புரட்டிப்போட்டது. இப்போது பள்ளி நிர்வாகம் சுப்ரீம் கோர்ட்டுக்கு ஓடியது.

இந்த இடைவெளியில் ஒரு பூதம் கிளம்பியிருந்தது. எய்ட்ஸ். அமெரிக்கா முழுக்க பீதி. அந்த வியாதிக்காரர் தொட்ட கதவைத் தொடலாமா, குடித்த கப்பில் குடிக்கலாமா என்று ஜனங்கள் நடுங்கிக்கொண்டிருந்தார்கள். 1986 ஜூனில் ரீகன் அரசின் நீதித்துறை ஓர் அறிக்கை வெளியிட்டது. எய்ட்ஸ் ஒருவரை என்ன செய்கிறது என்பதற்காக அவரை நீக்கினால் தப்பு. ஆனால், அவரிடமிருந்து தொற்றிக்கொள்ளும் என்று பயந்து நீக்கினால் 504-ம் பிரிவு தடுக்காது. அந்த பயம் நியாயமானதா, அபத்தமானதா என்பதுகூட முக்கியமில்லை!

இந்த ஓட்டை எவ்வளவு பெரியது என்று பாருங்கள். எந்த முதலாளியாவது 'உனக்கு உடம்பு சரியில்லை, அதனால் போ' என்பாரா? 'எனக்கொண்ணும் இல்லம்மா, மத்தவங்க பயப்படறாங்க' என்றுதானே நைஸாகச் சொல்வார். அந்த ஒரு வரியைச் சொல்லிவிட்டால் சட்டம் வாயை மூடிக்கொள்ளவேண்டும் என்றது அரசு. ஆர்லைன் வழக்கிலும் அரசு வந்து பள்ளி நிர்வாகத்தின் பக்கம் நின்று இதையே சொன்னது. ஆக, ஓர் ஆரம்பப் பள்ளி டீச்சரின் டி.பி. கேஸ், எய்ட்ஸ் வந்த ஆயிரக்கணக்கானவர்களின் வேலையைத் தீர்மானிக்கும் கேஸாக மாறிவிட்டது.

1987 மார்ச் 3. தீர்ப்பு வந்தது. ஏழுக்கு இரண்டு என்ற கணக்கில் ஆர்லைன் பக்கம். எழுதியவர் நீதிபதி வில்லியம் பிரென்னன். அப்போது அவருக்கு 80 வயது.

நோயையும் நோய் தொற்றும் தன்மையையும் தனித்தனியாக வெட்டி எடுக்கமுடியாது என்றார் பிரென்னன். இரண்டும் ஒரே இடத்திலிருந்துதான் வருகின்றன. ஒருவரின் உடல்நிலை மற்றவர்கள் மனத்தில் என்ன உண்டாக்குகிறது என்பதை வைத்து அவரைத் தண்டிக்கலாம் என்றால், பிறகு சட்டம் எதற்கு? காங்கிரஸில் பேசப்பட்ட பழைய உதாரணங்களை எடுத்துப் போட்டார். மூளை முடக்குவாதம் உள்ள ஒரு பையன். படிப்பில் மற்ற பிள்ளைகளுக்குச் சளைத்தவன் இல்லை. அவனைப் பார்த்தால் மற்ற பிள்ளைகளுக்குக் குமட்டுகிறது என்று சொல்லி ஆசிரியர் வெளியே அனுப்பிவிட்டார். மூட்டுவாதத்தில் முடங்கிய ஒரு பெண்மணி. வேலை செய்யத் தெரியாமல் இல்லை. மாணவர்கள் கண்ணில் அவர் படக்கூடாது என்று கல்லூரி நிர்வாகம் வேலை தரவில்லை. நோய் தருகிற கஷ்டத்துக்குக் கொஞ்சமும் குறையாத கஷ்டத்தை நோய் பற்றிய கட்டுக்கதைகளும் பயங்களும் தந்துவிடுகின்றன, சட்டம் பிறந்ததே அதைத் தடுக்கத்தான் என்பது அவர் வாதம்.

இதோடு நிறுத்தியிருந்தால் அது நல்ல பிரசங்கம். பிரென்னன் அடுத்துச் செய்ததுதான் காரியம். அப்படியானால் தொற்றுநோய் உள்ள எல்லோரையும் வகுப்பில் விட்டுவிடுவதா? குழந்தைகளின் கதி? பயம் வேண்டாம், ஆனால் ஆபத்து நிஜமாக இருந்தால்?

நான்கு கேள்விகள் கேட்கச் சொன்னார். நோய் எப்படிப் பரவுகிறது? அவர் எவ்வளவு காலத்துக்குத் தொற்றுபரப்பும் நிலையில் இருப்பார்? பரவினால் எவ்வளவு கெடுதல்? பரவுவதற்கு நிஜமான வாய்ப்பு எவ்வளவு? இந்த நான்கும் அவர் சொந்தமாக யோசித்ததில்லை. அமெரிக்க மருத்துவச் சங்கம் கோர்ட்டில் கொடுத்த மனுவிலிருந்து எடுத்துக்கொண்டார். பதிலும் மருத்துவ அறிவிலிருந்துதான் வரவேண்டும், பொதுச் சுகாதார அதிகாரிகள் என்ன சொல்கிறார்கள் என்று கேட்கவேண்டும் என்றார். பதில்களைப் பார்த்தபிறகும் கணிசமான ஆபத்து இருக்கிறது, வேலையில் நியாயமான மாற்றம் செய்தும் அதைப் போக்கமுடியவில்லை என்றால், அவர் அந்த வேலைக்குத் தகுதியில்லாதவர்தான். நீக்கலாம். ஆனால், கேட்டுவிட்டு நீக்கு.

எனக்கு இந்தத் தீர்ப்பில் ரொம்பப் பிடித்தது இதுதான். தொழிலாளிக்கு அது வெற்றுக் காசோலை எதுவும் கொடுக்கவில்லை. முதலாளி கையிலிருந்த அளவுகோலைப் பிடுங்கி டாக்டர் கையில் கொடுத்தது. கீழ்க் கோர்ட் இந்த நான்கு கேள்விகளையும் சரியாக விசாரிக்கவே இல்லை என்பதால், போய் விசாரித்துவிட்டு வா என்று வழக்கைத் திருப்பி அனுப்பினார்கள். தலைமை நீதிபதி ரென்குவிஸ்ட் சம்மதிக்கவில்லை. தொற்றுநோயைப் பார்த்துக்கொள்வது மாநிலங்களின் வேலை, காங்கிரஸ் தெளிவாகச் சொல்லாததை நாம் சேர்க்கக்கூடாது என்று எதிர்த் தீர்ப்பு எழுதினார். கூட நின்றவர் நீதிபதி ஸ்காலியா.

காசநோய் பற்றி மருத்துவ அறிவு என்ன சொல்கிறது என்று பிரென்னன் கேட்கச் சொன்னார் அல்லவா? அந்த அறிவில் ஒரு பெரிய பங்கு நம்ம சென்னையில், சேத்துப்பட்டில் உருவானது.

1950-கள் வரை டி.பி. வந்தால் ஆளை ஊருக்கு வெளியே சானடோரியத்தில் மாதக்கணக்கில் போட்டுவிடுவதுதான் வைத்தியம். தாம்பரம் சானடோரியம் என்று ரயில்வே ஸ்டேஷன் பெயரைத் தினம் படிக்கிறோமே, டாக்டர் சவரிமுத்து 1928-ல் ஆரம்பித்த காசநோய் ஆஸ்பத்திரிதான் அது. 1956-ல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை மாகாண அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் நான்கும் சேர்ந்து சேத்துப்பட்டில் ஓர் ஆராய்ச்சியைத் தொடங்கின. தலைமை தாங்கியவர் வாலஸ் ஃபாக்ஸ் என்ற ஆங்கிலேய டாக்டர். 193 நோயாளிகள், எல்லோரும் ஏழை பாழைகள். குலுக்கல் முறையில் பாதிப்பேரை சானடோரியத்துக்கு அனுப்பினார்கள். அங்கே நல்ல சாப்பாடு, ஓய்வு, நர்ஸ். மீதிப்பேரை வீட்டுக்கே அனுப்பிவிட்டார்கள். அதே மருந்து, ஒரு வருஷம். ஒண்டுக்குடித்தனம், அரைவயிற்றுச் சாப்பாடு, பக்கத்தில் குழந்தை குட்டிகள்.

1959-ல் முடிவு வந்தது. சானடோரியத்தில் 92 சதவீதம் பேருக்கு நோய் அடங்கியிருந்தது. வீட்டில் 86 சதவீதம். பெரிய வித்தியாசமில்லை. அதைவிட ஆச்சரியம், வீட்டில் கூடவே படுத்து எழுந்த சொந்தக்காரர்களைப் பற்றியது. அவர்களை வருஷக்கணக்கில் கவனித்துப் பார்த்தார்கள். நோயாளியை சானடோரியத்துக்கு அனுப்பிய குடும்பங்களைவிட இவர்களுக்குக் கூடுதலாக நோய் வரவில்லை. அதாவது, தொற்றவேண்டியது மருந்து ஆரம்பிப்பதற்கு முன்பே தொற்றியிருந்தது. மருந்து ஒழுங்காக உள்ளே போகப்போக ஆபத்து இறங்கிவிடுகிறது. உலகம் முழுக்க சானடோரியங்கள் காலியாக இந்த ஆராய்ச்சி ஒரு முக்கியக் காரணம். ஆர்லைனை வேலையை விட்டு நீக்குவதற்கு 20 வருஷம் முன்னால் வந்த முடிவு இது! அறிவு வந்து சேருகிற வேகத்தில் பயம் கிளம்பிப் போவதில்லை.

1988-ல் கீழ்க் கோர்ட் மறுபடி விசாரித்தது. டாக்டர்களைக் கேட்டது, பரிசோதனை முடிவுகளைப் பார்த்தது. ஆர்லைனால் பிள்ளைகளுக்குக் குறிப்பிடத்தக்க ஆபத்து இருக்கவில்லை, அவர் தகுதியுள்ள டீச்சர்தான் என்று முடிவுக்கு வந்தது. ஒன்று, வேலையைத் திருப்பிக் கொடு. இல்லையா, ஓய்வு பெறும் வயது வரைக்குமான சம்பளத்தை எண்ணி வை. ஏழரை லட்சம் டாலருக்கு மேல் வந்தது கணக்கு.

இதற்குள் தீர்ப்பு இன்னொரு ஆளைக் காப்பாற்றப் போய்விட்டிருந்தது. கலிஃபோர்னியாவின் ஆரஞ்சு கவுண்டியில் வின்சென்ட் சாக் என்று ஓர் ஆசிரியர். காது கேளாத பிள்ளைகளுக்குப் பாடம் நடத்துபவர். 1987 பிப்ரவரியில் நிமோனியா வந்து ஆஸ்பத்திரியில் சேர்ந்தார். எய்ட்ஸ் என்று தெரிந்தது. ஏப்ரலில் டாக்டர் வேலைக்குப் போகலாம் என்று சொல்லிவிட்டார். கல்வித்துறை, வகுப்பு வேண்டாம், ஆபீஸில் உட்கார்ந்து நிதி கேட்டு மனு எழுதுங்கள், சம்பளம் அதேதான் என்றது. கௌரவமான ஏற்பாடு மாதிரி தெரிகிறதா? சாக் அப்படி நினைக்கவில்லை. அவருக்குத் தெரிந்த வேலை அந்தப் பிள்ளைகளோடு கைகளால் பேசுவது. அவருக்கும் அதிக நாள் கிடையாது. கோர்ட்டுக்குப் போனார். முதல் நீதிபதி, இந்த நோயைப் பற்றி இன்னும் எல்லாம் தெரிந்துவிடவில்லையே என்று தயங்கினார். அப்பீல் கோர்ட் ஆர்லைன் தீர்ப்பின் நான்கு கேள்விகளைக் கையில் எடுத்தது. வகுப்பில் பாடம் நடத்துவதால் எய்ட்ஸ் பரவாது என்று மருத்துவர்கள் சொல்லும்போது, 'ஒருவேளை' என்ற சந்தேகத்துக்கு இடமில்லை என்றது. நவம்பரில் சாக் வகுப்புக்குத் திரும்பினார். 1990-ல் இறந்துபோனார்.

அதே 1990-ல் அமெரிக்க மாற்றுத்திறனாளிகள் சட்டம் வந்தது. அரசுப் பணம் வாங்காத தனியார் கம்பெனிகளையும் இது பிடித்தது. பிரென்னனின் 'கணிசமான ஆபத்து' அதில் சட்டத்தின் வார்த்தையாகவே ஏறியது. கடைசி நேரத்தில் ஒரு கூத்தும் நடந்தது. எய்ட்ஸ் உள்ளவர்களை ஓட்டல்களில் சாப்பாட்டைத் தொடும் வேலையிலிருந்து மாற்றலாம் என்று ஒரு திருத்தம். சாப்பாட்டின் வழியே எய்ட்ஸ் பரவாது என்பது கொண்டுவந்தவர்களுக்கும் தெரியும். கஸ்டமர்கள் பயப்படுகிறார்களே என்பதுதான் வாதம். கீழ்ச்சபையில் ஜெயித்தேவிட்டது. பிறகு, உணவு வழியே உண்மையில் எந்தெந்த நோய் பரவும் என்று சுகாதாரத்துறையே ஒரு பட்டியல் போடட்டும் என்று சமரசமானது. 1993-ல் கிளிண்டன் கையெழுத்திட்ட முதல் சட்டம், உடம்பு சரியில்லாவிட்டால் 12 வாரம் லீவு எடுத்துவிட்டு அதே வேலைக்கோ அதற்குச் சமமான வேலைக்கோ திரும்பும் உரிமையைக் கொடுத்தது. சம்பளம் கிடையாது. 50 பேருக்குக் குறைவான கம்பெனிகளுக்குப் பொருந்தவும் பொருந்தாது.

இங்கே நமக்கு? 1948-ல் வந்த இ.எஸ்.ஐ. சட்டத்தின் 73-ம் பிரிவு, தொழிலாளி நோய்க்கால உதவித்தொகை வாங்கும்போதோ சிகிச்சையில் இருக்கும்போதோ டிஸ்மிஸ் செய்யக்கூடாது என்று கட் அண்ட் ரைட்டாகச் சொன்னது. திரும்பி வந்த பிறகு என்ன என்பதற்கு 1995-ல் ஒரு பதில் வந்தது. வேலையில் இருக்கும்போது உடற்குறை ஏற்பட்டால் நீக்கவும் கூடாது, பதவியைக் குறைக்கவும் கூடாது. பழைய வேலை செய்ய முடியாவிட்டால் அதே சம்பளத்தில் வேறு வேலை கொடு. காலை இழந்ததால் வீட்டுக்கு அனுப்பப்பட்ட ஒரு பாதுகாப்புப் படை கான்ஸ்டபிளுக்கு இதை வைத்துத்தான் 2003-ல் நமது சுப்ரீம் கோர்ட் வேலையைத் திருப்பிக் கொடுத்தது. 2016 சட்டத்திலும் இது தொடர்கிறது. ஆனால், அரசு நிறுவனங்களுக்கு மட்டும். தனியார் கம்பெனியில் இருக்கும் நீங்கள் இந்த வரியைக் காட்டி வாதாட முடியாது.

தனியாரையும் சேர்த்துப் பிடிக்கும் சட்டம் ஒரு நோய்க்கு மட்டும் வந்திருக்கிறது. எச்.ஐ.வி. 2017-ல் நிறைவேறி, 2018 செப்டம்பர் 10-லிருந்து அமலில் இருக்கிறது. அதில் அந்தப் பழைய 'கணிசமான ஆபத்து' அப்படியே உட்கார்ந்திருக்கிறது. எச்.ஐ.வி. உள்ள ஊழியரை நீக்கவேண்டுமானால், அவரால் வேலையிடத்தில் மற்றவர்களுக்குக் கணிசமான ஆபத்து இருக்கிறது அல்லது அவர் அந்த வேலைக்குத் தகுதியாக இல்லை என்று, கம்பெனியைச் சாராத தகுதியுள்ள மருத்துவ ஆள் ஒருவர் எழுத்தில் சொல்லவேண்டும். அதன் நகலை ஊழியரின் கையில் கொடுக்கவேண்டும். கொடுக்கவில்லையா? ஆபத்து எதுவும் இல்லை, அவர் வேலைக்குத் தகுதியானவர் என்றே சட்டம் எடுத்துக்கொள்ளும்.